29 வெள்ளி கலைஞர் ஒப்பந்தப் படிவம்: 14ஆம் பிரிவைத் திருத்தாமல் கையெழுத்து வேண்டாம்

தீபாவளிக் கலை இரவு, பொங்கல் விழா, சமூக மன்றப் பட்டிமன்றம், திருமண இசைக் கச்சேரி என்று சிங்கப்பூரில் தமிழ்க் கலைஞர்களை அழைக்கும் சிறு ஏற்பாட்டாளர்கள் கையில் இப்போது ஒரே படிவம்தான் சுற்றுகிறது. இணையத்தில் விலை 29 வெள்ளி. 7 பக்கம், 22 பிரிவு, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். பெயரையும் தொகையையும் நிரப்பினால் போதும், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். விற்பவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. இதே சரக்கை வேறு அட்டை போட்டு விற்கும் கடைகள் இன்னும் உண்டு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். பணம் பற்றிய பிரிவுகள் 4 முதல் 7 வரை கச்சிதம். முன்பணம் 50 விழுக்காடு, மீதி நிகழ்ச்சி முடிந்து 14 நாளுக்குள், தாமதமானால் எவ்வளவு, ஒத்திகைக்குத் தனிக் கட்டணமா இல்லையா, எல்லாம் கட்டம் போட்டுக் கேட்கிறது. சுயதொழில் செய்வோருடன் ஒப்பந்தம் செய்வதற்காக அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்த முத்தரப்புத் தரநிலை 2018 முதல் கேட்டுவரும் விவரங்களான தரப்பினர் பெயர், என்ன வேலை, எவ்வளவு, எப்போது, எப்படி மாற்றலாம், சச்சரவு வந்தால் எங்கே போகலாம் என்பதெல்லாம் இதில் இருக்கின்றன. அந்தத் தரநிலையைப் பின்பற்றுவது கட்டாயமில்லை. இரண்டு வரி வாட்ஸ்அப் செய்தியை நம்பி மேடை ஏறும் ஊரில் இந்த நாலு பிரிவுக்கே 29 வெள்ளி கொடுக்கலாம்.

கோளாறு 14ஆம் பிரிவில். தலைப்பு ‘நன்னடத்தை’. தமிழ்ப் பக்கத்தில் அது இப்படி ஓடுகிறது:

‘கலைஞர் ஒப்பந்தத்துக்கு முன்போ, ஒப்பந்தக் காலத்திலோ, அதன் பின்போ, ஒழுக்கக்கேடான, சர்ச்சைக்குரிய, அல்லது எவரையும் புண்படுத்தும் செயல், பேச்சு, அரசியல் கருத்து எதிலும் ஈடுபட்டதாக நிறுவனம் தன் முழு விருப்பத்தின்படி கருதினால், நிறுவனம் முன்னறிவிப்பின்றி ஒப்பந்தத்தை முறிக்கலாம், கொடுத்த தொகை முழுவதையும் திரும்பப் பெறலாம், ஒப்பந்தத் தொகையின் மூன்று மடங்கை இழப்பீடாகக் கோரலாம்.’

ஒரே வாக்கியம்தான். திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவரும், குடித்துவிட்டு மேடையில் தள்ளாடியவரும், ஃபேஸ்புக்கில் பேருந்துக் கட்டண உயர்வைப் பற்றிப் புலம்பியவரும் இந்த வாக்கியத்தில் ஒன்று. இந்த மூன்றையும் ஒரே பானையில் போட்டதுதான் படிவத்தின் மூலக் குறை. மற்ற கோளாறுகள் எல்லாம் அதிலிருந்து கிளைப்பவை.

இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பது ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். குற்றத்தைக் குறிக்க அமெரிக்கச் சட்டத்தின் ‘ஃபெலனி’ என்ற சொல் அப்படியே கிடக்கிறது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. நன்னடத்தை ஷரத்தின் பிறப்பிடம் ஹாலிவுட். 1921 செப்டம்பரில் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் ஒரு பெண்ணின் மரணம் தொடர்பாகக் கைதானபோது, யூனிவர்சல் நிறுவனம் தன் நடிகர்களின் ஒப்பந்தங்களில் இப்படியொரு ஷரத்தைச் சேர்த்தது. ஆர்பக்கிளோ 1922 ஏப்ரலில் மூன்றாவது விசாரணையில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். ஜூரிகள் எழுத்து மூலம் அவரிடம் வருத்தமும் தெரிவித்தார்கள். அதற்குள் அவர் தொழில் போய்விட்டது. ஷரத்து மட்டும் தங்கிவிட்டது.

அரசியல் அதற்குள் நுழைந்தது 1947இல். அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் ‘நீங்கள் கம்யூனிஸ்டா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்த திரைக்கதை ஆசிரியர் லெஸ்டர் கோலை எம்ஜிஎம் நிறுவனம் இடைநீக்கம் செய்தது. ஆதாரமாகக் காட்டியது, பொது மரபுக்கும் ஒழுக்கத்துக்கும் உரிய மதிப்புக் கொடுத்து நடக்க வேண்டும் என்ற ஷரத்தை. ஜூரிகள் கோலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். 1950இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. குடிபோதைக்கும் அவதூறுக்கும் எழுதிய வரி, அரசியல் மௌனத்துக்கும் பொருந்தும் என்று ஆனது அப்போதிலிருந்துதான்.

அங்கே அந்த வரிக்கு எதிர்ப்பலமும் உண்டு. தொழிலாளர்களின் அரசியல் செயல்பாட்டை முதலாளி கட்டுப்படுத்தக் கூடாது என்று கலிஃபோர்னியத் தொழிலாளர் சட்டத்தின் 1101, 1102ஆம் பிரிவுகள் சொல்கின்றன. சமூக ஊடகப் பதிவுகளுக்காக 2021இல் டிஸ்னி தொடரிலிருந்து நீக்கப்பட்ட நடிகை ஜீனா கரானோ இந்தச் சட்டத்தைப் பிடித்துத்தான் 2024இல் வழக்குப் போட்டார். 2025 ஆகஸ்டில் சமரசமானது. போதாக்குறைக்கு அங்கே நடிகர் சங்கம் இருக்கிறது. படிவம் எழுதியவர் அங்கிருந்து ஷரத்தை மட்டும் நகலெடுத்தார், பக்கத்திலிருந்த கவசத்தை விட்டுவிட்டார்.

சிங்கப்பூரில் அந்தக் கவசம் கிடையாது. அரசியலமைப்பின் 14ஆவது விதி பேச்சுரிமை தருகிறது என்பார்கள். அது குடிமக்களுக்கு அரசாங்கத்தின் முன்பான உரிமை. தனியார் ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டதை அது அழிக்காது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் வயது, இனம், சமயம், பாலினம், உடற்குறை போன்றவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. அரசியல் கருத்து அந்தப் பட்டியலில் இல்லை. சுயதொழில் கலைஞருக்கு வேலைவாய்ப்புச் சட்டத்தின் அநியாயப் பணிநீக்கப் பாதுகாப்பும் இல்லை. ஆக, 14ஆம் பிரிவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கிட்டத்தட்ட உங்கள் முழு உரிமையும்.

‘முழு விருப்பத்தின்படி’ என்ற தொடரைப் பாருங்கள். 2011இல் பின்லேடன் கொல்லப்பட்டபோது அமெரிக்கக் காற்பந்து வீரர் ரஷார்ட் மெண்டன்ஹால் டுவிட்டரில் சொன்ன கருத்துக்காக ஹேன்ஸ்பிராண்ட்ஸ் நிறுவனம் அவருடைய விளம்பர ஒப்பந்தத்தை முறித்தது. அந்த ஒப்பந்தத்தில் அளவுகோலாவது இருந்தது: நுகர்வோரில் பெரும்பான்மையினரைப் புண்படுத்த வேண்டும். 2012இல் நீதிமன்றம் நிறுவனத்தின் பேச்சை மட்டும் கேட்டு வழக்கை முடிக்க மறுத்தது. பெரும்பான்மையினர் புண்பட்டார்களா என்பது நிரூபிக்க வேண்டிய விஷயம் என்றது. பிறகு சமரசம். நம் 29 வெள்ளிப் படிவத்திலோ ‘எவரையும்’. பின்னூட்டத்தில் ஒருவர் கோப முகம் போட்டால் போதும். அமெரிக்காவில் ஒப்பந்தத்துக்குள் நல்லெண்ணக் கடமை (நேர்மையாக நடந்துகொள்ளும் கடமை) இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் வெஸ்ட்காம் பங்குத் தரகு வழக்கில் அப்படியொரு கடமை பொதுவாக உள்ளடங்கியிருப்பதாக எடுத்துக்கொள்ள மறுத்தது. எனவே மெண்டன்ஹால் வாதத்தை இங்கே கொண்டுவந்து ஜெயிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அளவுகோல் வேண்டுமென்றால் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்று மடங்கு இழப்பீடு வேறு கதை. கட்டணம் 1,800 வெள்ளி என்றால் முன்பணம் 900ஐத் திருப்பித் தந்து, மேலே 5,400 கட்ட வேண்டும். 2020இல் டெங்கா அட்வான்டெக் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய கோட்பாட்டையே உறுதிசெய்தது: மீறலுக்கு முன்கூட்டிக் குறித்த தொகை, வரக்கூடிய இழப்பின் நியாயமான முன்மதிப்பீடாக இருக்க வேண்டும், மிரட்டலுக்காக வைத்த அபராதம் செல்லாது. எந்த ஏற்பாட்டாளரும் கட்டணத்தின் மும்மடங்கை முன்மதிப்பீடு என்று நிரூபிக்கத் திணறுவார். ஒரு பொறி மட்டும் கவனிக்க வேண்டும்: இந்தக் கோட்பாடு மீறலால் வரும் தொகைக்குத்தான். ‘மீறல்’ என்ற சொல்லைத் தவிர்த்து, ‘பின்வரும் நிகழ்வு நேர்ந்தால் கலைஞர் செலுத்துவார்’ என்று எழுதிய திருத்தப் பதிப்புகளும் உலவுகின்றன. அந்த வரியைப் பார்த்தால் பேனாவை மூடிவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து வரும் பாடகர்களுக்கு இன்னொரு ஓட்டை. வெளிநாட்டுக் கேளிக்கைக் கலைஞரின் கட்டணத்தில் 15 விழுக்காட்டை ஏற்பாட்டாளர் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும். 4,000 வெள்ளிக் கட்டணத்தில் கைக்கு வருவது 3,400. ‘கொடுத்த தொகை முழுவதும்’ என்றால் எது? படிவம் மௌனம். 4,000 என்று பொருள் கொண்டால், கையில் பார்க்காத 600 வெள்ளியையும் பாடகர் தன் பையிலிருந்து தர வேண்டும். ‘கலைஞர் உண்மையில் பெற்ற தொகை’ என்று நான்கே சொல் சேர்த்தால் பிரச்சினை தீர்ந்தது.

இருமொழிப் பக்கமும் ஒரு கண்ணி. தமிழில் ‘அரசியல் கருத்து’ என்று இருப்பது ஆங்கிலத்தில் ‘சர்ச்சைக்குரிய பொது அறிக்கை அல்லது தொடர்பு’ என்று இருக்கிறது. தொடர்பு! கட்சி உறுப்பினர் அட்டை, மேடையில் எடுத்த ஒரு படம், எல்லாம் அதில் அடங்கும். 21ஆம் பிரிவு, முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும் என்கிறது. அப்படியானால் வலப்பக்கம் வெறும் அலங்காரம். தமிழ்நாட்டில் திரையிலிருந்து கோட்டைக்குப் போவது எம்.ஜி.ஆர். 1977இல் முதல்வரானதற்கு முன்பிருந்தே பழகிய பாதை. இந்தச் சொல்லை நேராகப் படித்தால் கோலிவுட்டின் பாதிப்பேர் சாங்கியில் இறங்குவதற்கு முன்பே ஒப்பந்தத்தை மீறியவர்கள்.

இப்படிச் சொல்வதால் ஏற்பாட்டாளருக்குப் பயமே கூடாது என்று அர்த்தமில்லை. இங்கே அரசியல் பேச்சுக்குச் சட்டமே கோடு போட்டிருக்கிறது. கோட்டைத் தாண்டினால் மாட்டுவது கலைஞர் மட்டுமல்ல. சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாதவர் தேர்தல் பிரசாரத்தில் ஈடுபடக் கூடாது. நிரந்தரவாசிக்கும் இது பொருந்தும். பிரசார ஓய்வு நாளிலும் வாக்களிப்பு நாளிலும் புதிய தேர்தல் விளம்பரம் கூடாது. கடந்த பொதுத் தேர்தலில் அவை 2025 மே 2, 3. கலை நிகழ்ச்சிக்கு ஐஎம்டிஏ (தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம்) உரிமம் வாங்கும்போது கொடுத்த பிரதியில் இல்லாத வசனத்தை மேடையில் நுழைத்தால் உரிமத்துக்குச் சிக்கல். இனம், சமயம் குறித்த சட்டங்கள் தனி. ஏற்பாட்டாளருக்கு வேண்டிய பாதுகாப்பு இந்தக் கோடுகளில் இருக்கிறது. ‘புண்படுத்தும்’ என்ற சொல்லில் அவருக்குக் கிடைப்பது சண்டைதான்.

கோடு எங்கே மங்கலாகிறது என்பதற்கு 2019 நல்ல பாடம். மின்னணுப் பணம் செலுத்தும் சேவையின் விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் பழுப்பு நிறம் பூசி இந்தியராகத் தோன்றினார். அதைக் கண்டித்து வந்த ராப் காணொளியில் பாடியவரை சிஎன்ஏ செய்தி நிறுவனம் தன் தேசிய தின இசை ஆவணப்படத்திலிருந்து ஆகஸ்ட் தொடக்கத்தில் நீக்கியது. சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் காவல்துறை நடவடிக்கை முடிந்தது: 24 மாத நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை. எச்சரிக்கை என்பது குற்றத் தீர்ப்பு அல்ல. ‘குற்றவாளி எனத் தீர்ப்பானால்’ என்று மட்டும் எழுதிய ஒப்பந்தத்தில் இது மீறலில் சேராது. ‘விசாரணைக்கு உள்ளானால்’ என்று எழுதினால் யாராவது புகார் கொடுத்த அன்றே சேர்ந்துவிடும். பொஃப்மா எனும் இணையப் பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டத்தின் திருத்த உத்தரவும் அப்படித்தான். உத்தரவு வந்தாலே குற்றம் என்று ஆகாது. திருத்தக் குறிப்பைப் போட மறுத்தால்தான் குற்றம். படிவத்தில் எச்சரிக்கை, குற்றச்சாட்டு, தீர்ப்பு, உத்தரவு என்ற நான்குக்கும் வித்தியாசமே இல்லை.

14ஆம் பிரிவை முழுவதும் அடித்துவிட்டு இதை ஒட்டலாம். ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் மறுக்கக் காரணம் இருக்காது:

‘14.1 கையெழுத்திட்ட நாள் முதல் நிகழ்ச்சி முடிந்து 30 நாள் வரை, கலைஞர் ஓராண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டால், நிறுவனம் அவர் பங்கை நிறுத்திவைக்கலாம்; அதுவரை செய்த வேலைக்குரிய தொகையைத் தர வேண்டும். தீர்ப்பில் குற்றவாளி என்றானால் ஒப்பந்தத்தை முறிக்கலாம்.
14.2 தேர்தல், பொதுக் கேளிக்கை உரிமம், இன, சமய நல்லிணக்கம் தொடர்பான சிங்கப்பூர்ச் சட்டங்களை நிகழ்ச்சி மேடையிலோ நிகழ்ச்சியின் பெயரைப் பயன்படுத்தும் பதிவிலோ மீறினால், நிறுவனம் எந்தச் சட்டம், எந்தப் பதிவு என்று எழுத்தில் குறிப்பிட்டு 72 மணி நேரம் தந்து, அதற்குள் சரிசெய்யாவிட்டால் முறிக்கலாம். மேடையில் நடந்ததற்கு இந்தக் கெடு தேவையில்லை.
14.3 கலைஞர் தன் சொந்தப் பெயரில், நிகழ்ச்சியைக் குறிப்பிடாமல், சட்டத்துக்கு உட்பட்டுச் சொல்லும் அரசியல் கருத்து இந்தப் பிரிவின்கீழ் மீறலாகாது.
14.4 இந்தப் பிரிவின்கீழ் கலைஞர் தர வேண்டிய மொத்தத் தொகை, அவர் உண்மையில் பெற்ற தொகையைத் தாண்டாது.
14.5 நிறுவனமோ அதன் இயக்குநரோ 14.1இல் சொன்னபடி குற்றஞ்சாட்டப்பட்டால், கலைஞர் விலகலாம், முன்பணத்தை வைத்துக்கொள்ளலாம்.’

14.2இன் கடைசி வரிக்குக் காரணம் எளிது: மைக்கில் சொன்னதை 72 மணி நேரத்தில் திரும்ப எடுக்க முடியாது. 14.5ஐப் பார்த்ததும் சில ஏற்பாட்டாளர்கள் முகம் சுளிப்பார்கள். பேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதை விட்டுக்கொடுத்து 14.3ஐக் காப்பாற்றினாலும் லாபம்தான். பழைய பதிவுகள் விஷயத்தில் ‘முன்போ’ என்ற சொல் எந்த வடிவிலும் திரும்ப வரக் கூடாது. கவலை இருந்தால் ஏற்பாட்டாளர் கையெழுத்துக்கு முன்பே உங்கள் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். எல்லாம் பொதுவில்தானே கிடக்கிறது.

அரசாங்க மானியம் பெறும் நிகழ்ச்சி என்றால் கூடுதலாக ஒரு கேள்வி கேளுங்கள்: மானிய நிபந்தனைகளும் இந்த ஒப்பந்தத்தில் சேருமா? 2015இல் ஒரு சித்திர நாவலுக்குக் கொடுத்த 8,000 வெள்ளி மானியத்தைத் தேசியக் கலைகள் மன்றம் உள்ளடக்கத்தைக் காட்டித் திரும்பப் பெற்றது. அப்படி நேர்ந்தால் இழப்பு யாருடையது என்று படிவம் சொல்வதில்லை. ‘மானியம் நின்றாலும் கலைஞர் கட்டணம் நிற்காது’ என்று 5ஆம் பிரிவின் கடைசியில் எழுதுங்கள்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று 16ஆம் பிரிவில் ஒளிந்திருக்கிறது. ஒப்பந்தம் முறிந்த பின்னும் நிறுவனம் ஒளிப்பதிவைப் பயன்படுத்தலாம், கலைஞர் பெயரை நீக்கலாம் என்கிறது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளியையும் மேடைக் கலைஞரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்கிறது. அந்த உரிமையைக் கலைஞர் எழுதிக் கொடுத்து விட்டுவிடவும் முடியும். இந்த வரி அதைத்தான் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிறது. உங்கள் குரல் வேண்டும், பெயர் வேண்டாமாம். ‘பெயரை நீக்கினால் பதிவையும் நீக்க வேண்டும்’ என்று மாற்றுங்கள்.

ஏற்கனவே பழைய வடிவில் கையெழுத்துப் போட்டு, ஷரத்தைக் காட்டி நிறுத்தியிருந்தால், முதலில் பதிவை அழிக்காதீர்கள். அழித்தால் என்ன எழுதினீர்கள் என்பதற்கு அவர்கள் கையிலுள்ள திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) மட்டுமே சாட்சி. தேதி, நேரம், இணைப்பு தெரிய நீங்களே ஒன்று எடுத்துவைத்து, பிறகு வேண்டுமானால் மறைத்துவையுங்கள். எந்த உட்பிரிவு, எந்தப் பதிவு என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் வரும் ‘சாரி சார், மேலிடம்’ எதற்கும் உதவாது. முடித்த ஒத்திகைகளுக்கு உடனே விலைப்பட்டியல் அனுப்புங்கள். பணத் தகராறுக்கு டி.ஏ.டி.எம். எனும் முத்தரப்புப் பூசல் தீர்வு அமைப்பின் சமரசம் சுயதொழில் செய்வோருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் மறுதரப்பு வர ஒப்ப வேண்டும். வராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை, 2 ஆண்டுக்குள். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் கிடையாது, அதனால் மின்னஞ்சல் வரிசைதான் உங்கள் வழக்கறிஞர்.

வாங்குவதானால் 29 வெள்ளிப் பதிப்பில் வேர்டு கோப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 19 வெள்ளிப் பதிப்பு பூட்டிய பிடிஎஃப். 14ஆம் பிரிவை அதில் அடிக்க முடியாது, பேனாவால் கோடு போட்டு இரு தரப்பும் ஓரத்தில் சுருக்கொப்பம் இட வேண்டிவரும். ஏற்பாட்டாளர் அனுப்பியது மின்கையெழுத்து இணைப்பு மட்டும் என்றால், ‘ஒப்புகிறேன்’ பொத்தானை அழுத்துவதற்கு முன் வேர்டு கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.